அவுட்போர்டு மோட்டாரின் கட்டுப்பாட்டு கேபிள்

அவுட்போர்டு மோட்டார் என்பது சிறு படகின் பின்பலகையில் வெளிப்புறமாக மாட்டப்படும் இயந்திரம். படகோட்டியின் கையருகே உள்ள நெம்புகோலின் அசைவை இந்த இயந்திரத்தின் கியருக்கும் கார்புரேட்டருக்கும் கொண்டு செல்லும் உறையிட்ட எஃகுக் கம்பியே கட்டுப்பாட்டு கேபிள் ஆகும். ஒரு மோட்டாருக்குப் பொதுவாக இரண்டு கேபிள்கள் உண்டு. ஒன்று கியரை மாற்றும். மற்றொன்று வேகத்தைக் கூட்டும், குறைக்கும். மிதிவண்டியின் பிரேக் கம்பியைப் பார்த்தவர்களுக்கு இதன் தோற்றம் புதிதாக இராது. ஆனால் பிரேக் கம்பி இழுப்பதற்கு மட்டுமே பயன்படும். திரும்பிச் செல்ல அதற்கு ஒரு ஸ்பிரிங் வேண்டும். படகின் கேபிளோ இழுக்கவும் வேண்டும், தள்ளவும் வேண்டும்.

பழைய படகுகளை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் அடிக்கடி மாற்ற நேரும் பாகங்களில் இதுவும் ஒன்று. விலை அதிகமில்லை, வேலையும் ஒரு பகல் வேலைதான். ஆயினும் எந்த மோட்டாருக்கு எந்தக் கேபிள் என்ற கேள்வி பலரையும் தடுமாற வைக்கிறது. அந்தத் தடுமாற்றத்துக்கான காரணம் இந்தத் தொழிலின் வரலாற்றில் இருக்கிறது.

கையெட்டும் தூரத்தில் இருந்த மோட்டார்

தொடக்க கால அவுட்போர்டு மோட்டாருக்குக் கேபிள் தேவைப்படவில்லை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மில்வாக்கி நகரில் பட்டறை வைத்திருந்த நார்வே வம்சாவளியினரான ஓலே எவின்ரூட் 1909ஆம் ஆண்டு தமது மோட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதன் ஆற்றல் ஒன்றரைக் குதிரைத்திறன். எடை 62 பவுண்டு, அதாவது சுமார் 28 கிலோ. (ஏரியில் துடுப்பு வலித்து வருவதற்குள் வருங்கால மனைவிக்கு வாங்கிய ஐஸ்கிரீம் உருகிப்போனதே இந்த முயற்சிக்குக் காரணம் என்ற கதை விஸ்கான்சினில் பெயர்பெற்றது.) படகின் பின்பக்கம் உட்கார்ந்தவர் மோட்டாரின் கைப்பிடியைப் பிடித்துத் திசை திருப்பினார். வேகத்தை மாற்றும் சிறு நெம்புகோல் மோட்டாரிலேயே இருந்தது. நடுநிலை, பின்னோக்கு என்ற கியர் நிலைகள் இல்லை. இயந்திரம் ஓடத் தொடங்கினால் படகும் ஓடத் தொடங்கிவிடும். பின்னால் செல்ல வேண்டுமானால் பல மோட்டார்களில் மோட்டாரையே முழுதாகத் திருப்பிப் பிடிக்க வேண்டியிருந்தது.

கையும் இயந்திரமும் ஓர் அடி தூரத்தில் இருந்தவரை இந்த ஏற்பாடு போதுமானதாக இருந்தது. இன்றும் சிறு மோட்டார்களில் இதுவே வழக்கம்.

பௌடன் கம்பியும் தள்ளும் கேபிளும்

உறைக்குள் கம்பியை ஓடவிட்டு அசைவைத் தொலைவுக்குக் கடத்தும் முறைக்கு 1896இல் காப்புரிமை பெற்றவர் எர்னஸ்ட் மோனிங்டன் பௌடன். சுருள் கம்பியால் ஆன உறை நீளவாக்கில் நசுங்காது. ஆகவே உறையை எப்படி வளைத்து எடுத்துச் சென்றாலும் ஒரு முனையில் இழுத்த அளவு மறுமுனையில் அப்படியே கிடைக்கும். மிதிவண்டி, மோட்டார் சைக்கிள், பிறகு கார் என எல்லாவற்றிலும் இக்கம்பி புகுந்தது. (ராலே மிதிவண்டி நிறுவனத்தின் பிராங்க் பௌடன் வேறொருவர். பெயர் ஒற்றுமையால் இருவரையும் ஒருவராக எழுதிவிடுவோர் உண்டு.)

தள்ளும் வேலைக்கு இந்த மென்கம்பி உதவாது. நூலைத் தள்ளி ஒரு பொருளை நகர்த்த முயல்வது போலத்தான் அது. உள்கம்பி கொஞ்சம் விறைப்பாக இருக்க வேண்டும். உறை அதை எந்தப் பக்கமும் மடங்க விடாமல் நெருக்கமாகப் பிடித்திருக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே உராய்வு குறைவாக இருக்க வேண்டும். விமானத் தொழில் இந்த மூன்றையும் கேட்டது. அமெரிக்காவில் 1943இல் தொடங்கப்பட்ட டெலிபிளெக்ஸ் நிறுவனம் போர் விமானங்களுக்கான இத்தகைய இழு–தள்ளு கட்டுப்பாடுகளையே முதலில் செய்தது. போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் அதே நுட்பம் படகுகளுக்கு வந்தது.

இன்றைய கேபிளின் கட்டமைப்பு எளிமையானது. நடுவில் எஃகு உள்கம்பி. அதைச் சுற்றி வழுவழுப்பான பிளாஸ்டிக் குழல். குழலின் மேல் நீளவாக்கில் அடுக்கிய எஃகு இழைகள். எல்லாவற்றையும் மூடி வெளியே பிளாஸ்டிக் உறை.

கியர் வந்தபோது

ஜான்சன் நிறுவனத்தின் 1949ஆம் ஆண்டு 10 குதிரைத்திறன் மோட்டாரில் முன்னோக்கு, நடுநிலை, பின்னோக்கு என்ற மூன்று நிலைகளும் இருந்தன. பெட்ரோல் தொட்டியும் தனியே படகுக்குள் வைக்கப்பட்டது. அடுத்த பத்தாண்டுகளில் மோட்டார்களின் ஆற்றல் வேகமாக வளர்ந்தது. காரைப் போல முன்பக்கம் கண்ணாடியும் ஸ்டியரிங் சக்கரமும் வைத்த குடும்பப் படகுகள் அமெரிக்க ஏரிகளில் பெருகின. ஓட்டுபவர் முன்னே வந்துவிட்டார். மோட்டார் பின்னேயே இருந்தது. இடையில் இருந்த 10 முதல் 15 அடி இடைவெளியை நிரப்பியது கேபிள்.

முதலில் கியருக்கு ஒன்று, வேகத்துக்கு ஒன்று என இரண்டு நெம்புகோல்கள் இருந்தன. வேகம் கூடியிருக்கும்போதே தவறுதலாகக் கியரை மாற்றிவிடும் ஆபத்து அதில் இருந்தது. இரண்டையும் ஒரே நெம்புகோலில் இணைத்தது உண்மையான முன்னேற்றம். நெம்புகோலின் முதல் பகுதி அசைவு கியரைப் போடும். அதன் பிறகுதான் வேகம் கூடத் தொடங்கும். ஒன்று முடியாமல் மற்றொன்று நிகழாது.

உறைக்குள் நிகழும் சிதைவு

கேபிளின் பழுது கண்ணுக்குத் தெரியாது. வெயிலில் வெளியுறை வெடிக்கிறது. முனைகளில் உள்ள ரப்பர் மூடிகள் தளர்கின்றன. அந்த வழியாக நீர் உள்ளே இறங்கி உள்கம்பி துருப்பிடிக்கிறது. உப்பு நீரில் இது விரைவாக நடக்கும். குளிர் நாடுகளில் உள்ளே புகுந்த நீர் உறைந்து கேபிள் அசையாமல் நிற்பதும் உண்டு. நெம்புகோல் நாளுக்கு நாள் சிறிது சிறிதாகக் கடினமாவதால் ஓட்டுபவரின் கை அதற்குப் பழகிவிடுகிறது.

வேகக் கேபிள் சிக்கிக்கொண்டால் படகு அதே வேகத்தில் போய்க்கொண்டே இருக்கும். கியர்க் கேபிள் முன்னோக்கு நிலையில் இறுகிக்கொண்டால் துறையை நெருங்கும்போது படகை நிறுத்த வழி இருக்காது. சாவியைத் திருப்பி இயந்திரத்தை அணைப்பது ஒன்றே வழி. இவை உடனே தெரிந்துவிடும் ஆபத்துகள். மெதுவாக நடக்கும் சேதம் வேறொன்று இருக்கிறது. உராய்வால் கேபிளின் அசைவு முழுமையாகப் போய்ச் சேராதபோது கியர்ப் பெட்டிக்குள் கிளட்ச்சின் பற்கள் பாதியளவே கோர்த்துக்கொள்கின்றன. அந்த நிலையில் ஓடஓடப் பற்களின் விளிம்பு தேய்ந்து உருண்டுவிடும். பிறகு கியர் தானாகவே நழுவும். சில ஆயிரம் ரூபாய் மதிப்புள்ள கேபிளைத் தள்ளிப்போட்டவர் கடைசியில் கியர்ப் பெட்டியைப் பிரிக்க நேர்கிறது.

பழுதான கேபிளுக்குள் எண்ணெய் செலுத்துவது பழைய வழக்கம். இன்றைய கேபிள்கள் ஆலையிலேயே மசகிட்டு மூடப்படுபவை. துருப்பிடித்த கம்பிக்கு எண்ணெய் சில நாள் ஆறுதல் தருமே தவிர, அது நம்பத்தக்க பழுதுபார்ப்பு ஆகாது.

மாற்றும் முறை

முதலில் குற்றம் கேபிளிலா, வேறிடத்திலா என்று அறிய வேண்டும். மோட்டார் முனையில் கேபிளைக் கழற்றிவிட்டு நெம்புகோலை அசைத்துப் பார்த்தால் போதும். அப்போதும் கடினமாக இருந்தால் பழுது கேபிளிலோ நெம்புகோல் பெட்டியிலோ இருக்கிறது. பெட்டியின் பக்கமும் கழற்றிக் கேபிளை மட்டும் கையால் இழுத்துத் தள்ளினால் மீதிச் சந்தேகமும் தீரும்.

நீளம் அடுத்த கேள்வி. பழைய கேபிளின் உறையில் எண் அச்சிடப்பட்டிருந்தால் பெரும்பாலும் அதன் கடைசி இலக்கங்கள் நீளத்தை அடியில் குறிக்கும். எண் அழிந்திருந்தால், நெம்புகோலிலிருந்து படகின் விளிம்பை ஒட்டிப் பின்பலகை வரை, அங்கிருந்து மோட்டாரின் நடுக்கோடு வரை அளந்து, அதனுடன் 4 அடி கூட்டிக்கொள்வது அமெரிக்கப் படகுத் தொழிலில் நிலைபெற்ற கணக்கு. அந்த 4 அடி வீணல்ல. மோட்டார் இருபுறமும் திரும்பும், மேலே தூக்கப்படும். அப்போது கேபிள் இழுபடாமல் இருக்க ஒரு வளையம் விட வேண்டும். வளைவின் ஆரம் 8 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. குறுகலாக வளைத்த கேபிள் புதியதாயினும் பழையது போலவே கனக்கும்.

பழைய கேபிளை உருவி எறிந்துவிட்டுப் புதியதை நுழைக்கத் திண்டாடுவோர் பலர். புதியதன் முனையைப் பழையதன் முனையோடு சேர்த்துக் கட்டி, பழையதை இழுத்தாலே புதியது அதன் வழியில் வந்துவிடும். ஒன்று பழுதாகியிருந்தால் மற்றொன்றும் அதே வயதுடையது என்பதால் இரண்டையும் சேர்த்து மாற்றுவதே அறிவுடைமை.

மோட்டாரில் பொருத்தும்போது கியர்க் கேபிளை முதலில் மாட்ட வேண்டும். எது எந்தக் கேபிள் என்ற ஐயம் வந்தால், நெம்புகோலை நடுநிலையிலிருந்து மெல்ல நகர்த்தும்போது முதலில் அசைவது கியர்க் கேபிள். நெம்புகோல் நடுநிலையில் இருக்கும்போது மோட்டாரின் கியரும் நடுநிலையில் இருக்க வேண்டும். கேபிள் முனையில் மரையின்மேல் நகரும் பித்தளை உருளையைத் திருகி இந்தப் பொருத்தத்தைச் சரிசெய்வார்கள். தொடக்கச் சாவியை எடுத்துவிட்டு, உதவிக்கு ஒருவர் உந்துவிசிறியைக் கையால் மெல்லச் சுற்ற, நெம்புகோலை முன்னும் பின்னும் போட்டுப் பார்க்க வேண்டும். நடுநிலையில் விசிறி தடையின்றிச் சுழலும். இரு கியர்களிலும் பிடித்துக்கொள்ளும். வேகக் கேபிள் இதற்குப் பிறகே. நெம்புகோலை நடுநிலைக்குக் கொண்டுவந்தால் கார்புரேட்டரின் நெம்பு அதன் கடைசித் தடுப்பில் லேசாக அழுந்தி நிற்க வேண்டும்.

முனைகளின் சிக்கல்

நடுப்பகுதி எல்லாக் கேபிள்களிலும் ஏறத்தாழ ஒன்றுதான். வேறுபடுவது முனை. எவின்ரூட், ஜான்சன் ஆகிய இரு பெயர்களிலும் மோட்டார் செய்த அவுட்போர்டு மரைன் கார்ப்பரேஷன் தனக்கென ஒரு முனை வைத்திருந்தது. விஸ்கான்சினிலேயே 1939இல் கார்ல் கீக்காஃபர் தொடங்கிய நிறுவனத்தின் மெர்க்குரி மோட்டார்களுக்கு வேறொரு முனை. போதாக்குறைக்கு, 1978 வரையிலான எவின்ரூட், ஜான்சன் மோட்டார்களின் கேபிள் 1979க்குப் பிந்தையவற்றுக்குப் பொருந்தாது. மெர்க்குரியிலும் முந்தைய தலைமுறைக் கேபிள், பிந்தைய தலைமுறைக் கேபிள் என்ற பிரிவு உண்டு. ஒரு நிறுவனத்தின் மோட்டாரை வாங்கியவர் அதன் நெம்புகோலையும் கேபிளையும் வாங்கியாக வேண்டும் என்ற வணிகக் கணக்கும் இதில் இருந்திருக்கும் என்று கருத இடமுண்டு.

இதற்கு மாற்றாக வளர்ந்தது '33சி' என்று அழைக்கப்படும் பொதுவகைக் கேபிள். மோர்ஸ் என்ற கட்டுப்பாட்டுக் கருவி நிறுவனத்தின் வகைப் பெயரே நாளடைவில் எல்லோருக்கும் பொதுப் பெயராகிவிட்டது. இரு முனைகளிலும் ஒரே அளவு மரை. உள்கம்பியின் அதிகபட்ச அசைவு 3 அங்குலம். எந்த மோட்டாருக்கும் உரிய சிறு இணைப்புத் துண்டை வாங்கி அந்த மரையில் பொருத்திக்கொள்ளலாம்.

இதன் அருமை 2000ஆம் ஆண்டு டிசம்பரில் விளங்கியது. அவுட்போர்டு மரைன் கார்ப்பரேஷன் அப்போது திவாலாயிற்று. எவின்ரூட், ஜான்சன் பெயர்களைப் பம்பார்டியர் நிறுவனம் 2001இல் வாங்கியது. அதன் வழிவந்த பிஆர்பி 2020இல் எவின்ரூட் உற்பத்தியை முற்றிலும் நிறுத்தியது. மோட்டாரைச் செய்தவர்கள் போய்விட்டார்கள். மோட்டார்கள் ஏரிகளில் இருந்தன. அந்நிறுவன முனை கொண்ட கேபிள்களைப் பிற உற்பத்தியாளர்கள் தொடர்ந்து செய்ததாலும் பொதுவகைக் கேபிள் இருந்ததாலும் அவை ஓட முடிந்தது.

அந்நிறுவனத்தின் மின்சாரக் கியர் மோட்டார்களின் கதை வேறு. 1960களில் கியர்க் கேபிளையே ஒழித்துவிட்டு, கியர்ப் பெட்டிக்குள் மின்காந்தச் சுருள்களை வைத்துப் பொத்தானால் கியர் மாற்றும் மாதிரிகளை அது விற்றது. அவற்றுக்குத் தனி வகை எண்ணெய் வேண்டும். சுருளின் மின்காப்பு கெட்டால் கியர்ப் பெட்டியைத் திறந்தாக வேண்டும். புதுமையாக வந்த அந்த மோட்டார்களைப் பழுதுபார்ப்பதுதான் இன்று கடினம். கேபிளால் இயங்கிய அவற்றின் உடன்பிறப்புகளை வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கவலை இல்லை.

மெர்க்குரி 2004இல் அறிமுகப்படுத்திய வெராடோ மோட்டார்களுடன் மின்னணுக் கட்டுப்பாடு உறுதியாக இடம்பிடித்தது. நெம்புகோலின் நிலையை உணரி அறிந்து மின்கம்பி வழியே அனுப்ப, மோட்டாரில் உள்ள சிறு இயக்கி கியரை மாற்றுகிறது. பெரிய மோட்டார்களில் இப்போது இதுவே வழக்கம். கேபிளுக்காகவே வடிவமைக்கப்பட்ட பழைய இயந்திரங்களுக்கும் மின்னணு நெம்புகோல் பொருத்தித் தருகிறார்கள். அப்போது இயக்கியைத் தனிப் பெட்டியாக இயந்திரத்தின் அருகே வைத்து, அங்கிருந்து இயந்திரம் வரையுள்ள கடைசிச் சில அடிகளுக்குப் பெரும்பாலும் 33சி கேபிளையே இழுக்கிறார்கள்.