இலங்கைத் தேசிய கீதப் போட்டி, 1948

இலங்கைத் தேசிய கீதப் போட்டி என்பது, ஆங்கிலேயர் ஆட்சியிலிருந்து இலங்கை விடுபடவிருந்த நேரத்தில், 1948 சனவரியில் லங்கா கந்தர்வ சபை என்ற இசை அமைப்பு நடத்திய பாட்டுப் போட்டி. பி. பி. இலங்கசிங்க, லயனல் எதிரிசிங்க ஆகிய இருவரும் படைத்த 'ஸ்ரீ லங்கா மாதா பல யச மஹிமா' இதில் பரிசு பெற்றது. ஆனால் நாட்டின் கீதமாக நிலைத்தது, அதே போட்டியில் பரிசு கிடைக்காமல் போன ஆனந்த சமரக்கோனின் 'நமோ நமோ மாதா'. ஊர் கூடிப் பாடும் பாட்டைப் போட்டி வைத்துத் தேர்ந்தெடுக்க முடியுமா என்ற கேள்விக்கு இந்த வரலாற்றில் தெளிவான விடை இருக்கிறது. போட்டியால் நல்ல பாட்டைக் கண்டெடுக்க முடியும்; அதைப் பொதுப் பாட்டாக்குவது பாடுபவர்களின் பழக்கமும், தேர்வின் நேர்மையும், பாடும் உரிமையும்தான்.

போட்டியும் முடிவும்

முடிவு வெளியானதுமே சர்ச்சை கிளம்பியது. பரிசு பெற்ற இருவரும் நடுவர் குழுவில் இருந்தவர்கள். பாட்டின் தரம் எப்படி இருந்தாலும், தீர்ப்பு சொல்லும் இடத்தில் இருந்தவர்களே பரிசையும் பெற்றதை மக்களால் ஏற்க முடியவில்லை. 1948 பிப்ரவரி 4 காலையில் இலங்கை வானொலி அந்தப் பாட்டை ஒலிபரப்பியது. அரசின் சுதந்திர விழாவில் அது பாடப்படவில்லை. வானொலியில் ஏறிய பாட்டு மேடையில் ஏறாமல் நின்றதற்குத் தீர்ப்பின் மீது விழுந்த சந்தேகம் ஒரு பெரிய காரணம். இரண்டு கச்சேரிப் பாடகர்களில் யார் சிறந்தவர் என்ற தீர்ப்பு தவறிப்போனால் நட்டம் ஒருவருக்கு. நாடே எழுந்து நின்று பாட வேண்டிய பாட்டின் தேர்வில் தவறு நேர்ந்தால், பாடும் ஒவ்வொரு முறையும் அந்தத் தவறு நினைவுக்கு வரும். பொதுப் பாட்டைப் பொறுத்தவரை, அது தேர்ந்தெடுக்கப்பட்ட முறையும் பாட்டோடு சேர்ந்தே காதில் விழுகிறது.

பரிசு பெறாத பாட்டின் பயணம்

சமரக்கோன் 1911இல் பிறந்தவர். தாகூரின் சாந்திநிகேதனில் பயின்று திரும்பி, காலியிலுள்ள மகிந்தக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தபோது, 1940இல் 'நமோ நமோ மாதா'வை இயற்றினார். முதலில் பாடியவர்கள் அந்தக் கல்லூரி மாணவர்கள். பின்னர் கொழும்பு மியூசியஸ் கல்லூரியின் சேர்ந்திசைக் குழு அதை மேடைக்குக் கொண்டுவந்தது. ஆகவே 1948இல் நடுவர் முன் வந்தபோது அந்தப் பாட்டுக்கு எட்டு வயது. எந்த இடத்தில் மூச்சு வாங்குவது, எந்த அடியில் குரல் தாழும் என்பதெல்லாம் பிள்ளைகளின் தொண்டையில் ஏற்கெனவே படிந்திருந்தன. காகிதத்தைப் பார்த்தும் ஒரு முறை கேட்டும் மதிப்பெண் போடும் நடுவருக்கு இந்தப் படிவு தெரியாது. 1949இல் சுதந்திர நாள் விழாவில் அந்தப் பாட்டு பாடப்பட்டது. அடுத்த ஆண்டு நிதியமைச்சர் ஜே. ஆர். ஜெயவர்தன அதையே தேசிய கீதமாக்க வேண்டும் என்று முன்மொழிய, சர் எட்வின் விஜயரத்ன தலைமையில் குழு அமைந்தது. குழு ஏற்ற பாட்டுக்கு 1951 நவம்பர் 22இல் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது.

மலாயாவும் பாகிஸ்தானும்

ஒரே ஒரு நிகழ்வை வைத்து முடிவு கட்டலாமா என்று கேட்பது நியாயம். அதே பத்தாண்டில் வேறு இரண்டு நாடுகளும் இதே வழியில் நடந்து பார்த்தன. மலாயா விடுதலைக்கு முன் உலகளாவிய போட்டியை அறிவித்தது. 514 பாடல்கள் வந்தன, ஒன்றும் தேறவில்லை. பிறகு பெஞ்சமின் பிரிட்டன், வில்லியம் வால்டன், ஜியான் கார்லோ மெனோட்டி, பின்னாளில் சிங்கப்பூரின் கீதத்தை அமைத்த சுபிர் சாயித் ஆகியோரிடம் கேட்டு வாங்கிய மெட்டுகளும் மனதுக்குப் பிடிக்கவில்லை. இறுதியில், 1957 ஆகஸ்ட்டில், பேராக் மாநிலத்தின் வாழ்த்துப் பாட்டு மெட்டே 'நெகாராக்கு' ஆனது. 'தெராங் புலான்' என்ற பெயரில் மக்கள் ஏற்கெனவே முணுமுணுத்துவந்த மெட்டு அது. உலகப் புகழ் பெற்றவர்களின் புது மெட்டை விட, உள்ளூர் வாயில் புழங்கிய மெட்டு வென்றது.

பாகிஸ்தானின் அனுபவம் இதற்கு மாறானதுபோலத் தோன்றும். அங்கே பாட்டின் சொற்கள் போட்டியில்தான் கிடைத்தன. வந்த 723 படைப்புகளில் ஹபீஸ் ஜலந்தரியின் பாட்டு தேர்வாகி 1954இல் ஏற்கப்பட்டது. போட்டியால் நாட்டுப் பாட்டு பிறக்காது என்பவர்களுக்கு இது வலுவான மறுப்பு. அதை மழுப்பக் கூடாது. ஆனால் அந்தப் போட்டியில் என்ன கேட்கப்பட்டது என்று பார்க்க வேண்டும். அகமது சாக்ளா 1949இலேயே மெட்டை அமைத்துவிட்டார். 1950இல் ஈரான் மன்னர் வந்தபோது அந்த மெட்டு சொற்களில்லாமல் வாத்தியங்களில் முழங்கியது. சொல்லுக்கு மெட்டுப் போடுவது ஒரு வேலை. மெட்டுக்குச் சொல் எழுதுவது வேறு வேலை. பின்னதில் ஒவ்வோர் அசையும் குறிப்பிட்ட சுரத்தில் உட்கார வேண்டும். உட்காராதது உடனே தெரிந்துவிடும். வரையறுத்த வேலையைத் தேறிய கண்ணோடு பார்த்துத் தீர்ப்பு சொல்லலாம். ஒரு நாட்டின் உணர்வை ஒரே அமர்வில் எடைபோடு என்றால் எந்த நடுவரும் தடுமாறுவார்.

எதிர்வாதங்கள்

'நமோ நமோ மாதா'வை நிலைநிறுத்தியதும் ஓர் அரசுக் குழுதானே, அப்படியிருக்க அதை மக்களின் தேர்வு என்பது எப்படி என்று கேட்கலாம். குழு இருந்தது உண்மை. ஆனால் இரண்டு குழுக்களும் செய்த வேலை வேறு. 1948இன் நடுவர்கள் இனி பாடப்பட வேண்டியதைத் தீர்மானிக்க முயன்றார்கள். 1950இன் குழு ஏற்கெனவே பாடப்பட்டுவந்ததைப் பதிவு செய்தது. அந்தப் பாட்டு பொதுச் சொத்தாகிவிட்டதற்குப் பின்னொரு நிகழ்ச்சியும் சான்று. 'நமோ நமோ' என்ற தொடக்கம் அபசகுனம் என்றும், இரண்டு பிரதமர்களின் மரணத்துக்கு அதுவே காரணம் என்றும் சிலர் பேசினர். 1961இல் தொடக்கம் 'ஸ்ரீ லங்கா மாதா' என்று மாற்றப்பட்டது. சமரக்கோன் எதிர்த்தும் பயனில்லை. 1962 ஏப்ரலில் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். பரிசு மறுக்கப்பட்டபோதும் அவருடைய பாட்டு அவருடையதாகவே இருந்தது. நாட்டின் பாட்டான பிறகு அதன் முதற்சொல்லின் மீதுகூட அவருக்கு அதிகாரம் இல்லாமல் போயிற்று. பொதுப் பாட்டுக்காரருக்கு நாடு பட்ட கடனை இவ்வளவு கொடுமையாகக் காட்டும் வரலாறு குறைவு.

இன்னொரு கேள்வி இதைவிடக் கனமானது. பழக்கம்தான் அளவுகோல் என்றால், பெரும்பான்மையினரின் பழக்கமே எப்போதும் வெல்லாதா? சிங்களத்தில் பிறந்த பாட்டு தமிழருக்கு எப்படிச் சொந்தமாகும்? இலங்கை இதற்கு ஒரு நல்ல வழியைத் தொடக்கத்திலேயே கண்டது. புலவர் மு. நல்லதம்பி தமிழில் ஆக்கிய வடிவம் அதே மெட்டில் பாடப்பட்டது. சொல் இரண்டானாலும் சுரம் ஒன்று. 1978 அரசியலமைப்பின் தமிழ்ப் பதிப்பிலும் தமிழ் வடிவம் இடம்பெற்றது. ஆயினும் நீண்ட காலம் தேசிய சுதந்திர விழா மேடையில் தமிழ் வடிவம் ஒலிக்கவில்லை. 2016 பிப்ரவரி 4இல்தான் மீண்டும் ஒலித்தது. பாடத் தெரிந்த பாட்டைப் பாட விடாதபோது அது பாடுபவருக்கு அந்நியமாகிவிடுகிறது. ஆகவே பழக்கம் மட்டும் போதாது என்ற எதிர்வாதம் சரியே. பழக்கத்துக்கு இடம் கொடுக்கும் உரிமையும் வேண்டும். அந்த உரிமையைக் காப்பது அரசின் கடமை.

தமிழ்நாட்டு ஒப்பீடு

தமிழ்நாட்டின் மாநிலப் பாடல் போட்டியில் பிறக்கவில்லை. 1891இல் வெளிவந்த மனோன்மணீயம் நாடகத்தில் சுந்தரம் பிள்ளை எழுதிய வாழ்த்தின் பகுதி, 1970இல் தமிழ்த்தாய் வாழ்த்தாக அறிவிக்கப்பட்டது. 2021 டிசம்பரில் மாநிலப் பாடலானது. எம். எஸ். விசுவநாதன் அமைத்த மெட்டு மோகன ராகம்; பழந்தமிழ்ப் பண்முறையில் முல்லைப்பாணி. ஆரோகணத்திலும் அவரோகணத்திலும் ஐந்தே சுரங்கள். மத்திமமும் நிஷாதமும் இல்லை. அரைச்சுர இடைவெளியே இல்லாததால், சுருதி ஞானம் இல்லாத குரலும் பெரிதாக இடறாது. மூன்றன் நடையில் 55 வினாடியில் முடிகிறது. தொழிற்சாலைகளை நம்பி வெளி மாநிலத்தாரும் குடியேறியிருக்கும், சென்னையை அடுத்த படப்பை, ஒரகடம் பகுதிப் பள்ளிகளின் காலை வணக்கத்தில், தமிழ் எழுத்து இன்னும் பிடிபடாத பிள்ளைக்கும் அந்த மெட்டு முதலில் பிடிபட்டுவிடும். பாட்டின் மீது உரிமை வருவது அப்படித்தான்.

இதனால் பாட்டுப் போட்டிகள் வீண் என்று ஆகாது. அறியப்படாத கவிஞரையும் மெட்டமைப்பாளரையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவர அவற்றைப்போல எளிய வழி வேறில்லை. பள்ளியோ ஊர்ச் சங்கமோ மாவட்டமோ தனக்கென ஒரு பாட்டைத் தேடினால், 1948 சொல்லித்தரும் ஒழுங்கு எளியது. போட்டியிடுபவர் நடுவராக உட்காரக் கூடாது. பரிசைத் தாளில் எழுதும் முன், தேறிய இரண்டு மூன்று பாட்டுகளைப் பிள்ளைகளிடமும் பெரியவர்களிடமும் கொடுத்து ஓராண்டு பாடவிட வேண்டும். பாட்டில் ஒரு சொல்லை மாற்றுவதென்றாலும் எழுதியவரைக் கேட்டே மாற்ற வேண்டும். எட்டு ஆண்டு பாடப்பட்ட பாட்டை ஒரே அமர்வில் மதிப்பிட முயன்ற நடுவர்கள் இழந்தது இந்தப் பொறுமையைத்தான்.