ஹீ என்றால் ஷீயும் சேர்த்தியா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் ஊர் நூலகத்து மாடியில் பெண்களுக்கு ஆங்கில இலக்கணம் சொல்லித் தருகிறேன். கல்லூரி மாணவிகள், குரூப் தேர்வுக்குப் படிப்பவர்கள், பிள்ளையின் வீட்டுப்பாடம் தனக்குப் புரியவில்லையே என்று வருகிற அம்மாக்கள் என்று இருபது பேர் வரை உட்கார்ந்திருப்பார்கள். முதல் வகுப்பில் எப்போதும் மூன்று சொற்களைப் பலகையில் எழுதுவேன். உருபனியல்: ஒரு சொல் எந்தெந்தத் துண்டுகளால் ஆனது என்று பார்ப்பது. தொடரியல்: சொற்கள் எந்த ஒழுங்கில், எதோடு எது இசைந்து வாக்கியமாகின்றன என்று பார்ப்பது. பொருண்மையியல்: அந்தச் சொல்லும் வாக்கியமும் எதைக் குறிக்கின்றன, எதைக் குறிக்காமல் விடுகின்றன என்று பார்ப்பது.

அன்று சொற்களைத் துண்டாக்கும் பயிற்சி. 'டீச்சர்' என்பதில் 'டீச்' ஒரு துண்டு, 'அர்' ஒரு துண்டு. 'அன்ஹேப்பி' என்பதில் 'அன்' ஒரு துண்டு. நீங்களே நாலு சொல்லைப் பிரித்துக் காட்டுங்கள் என்றேன். பின்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்தாள்.

"மிஸ், வுமன்ல மேன் இருக்கு. ஃபீமேல்ல மேல் இருக்கு. ஷீயை எழுதினா அதுக்குள்ள ஹீ இருக்கு. அப்போ அவங்க மொழியில நாம ஆம்பளைக்கு முன்னால ஒட்டின எழுத்துதானா?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருடம் இலக்கணம் நடத்தியும் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. அடுத்த வாரம் சொல்கிறேன் என்று தப்பித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து படிக்கத் தொடங்கினேன்.

அவள் பிரித்த மூன்று சொற்களும் அப்படிப் பிரியக்கூடியவை அல்ல. 'ஃபீமேல்' லத்தீனின் 'ஃபெமெல்லா'விலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. 'மேல்' என்ற சொல்லோடு அதற்குப் பிறப்பில் உறவே கிடையாது. எழுதியவர்கள்தான் இரண்டையும் ஜோடி என்று நினைத்து எழுத்துக்கூட்டலை மாற்றி ஒட்டவைத்தார்கள். 'ஷீ' 12ஆம் நூற்றாண்டில்தான் எழுத்தில் தலைகாட்டுகிறது. அதற்கு முன்பிருந்த பெண்பால் சொல் 'ஹேயோ'. காலப்போக்கில் அது 'ஹீ' போலவே ஒலிக்கத் தொடங்கியதால், அவனையும் அவளையும் பிரித்துச் சொல்லப் புதுச்சொல் தேவைப்பட்டது.

'வுமன்' கதை கொஞ்சம் நீளமானது. பழைய ஆங்கிலத்தில் 'மன்' என்றால் மனித உயிர். ஆணும் அதில் உண்டு, பெண்ணும் உண்டு. ஆணைத் தனியாகச் சொல்ல 'வெர்', பெண்ணைத் தனியாகச் சொல்ல 'வீஃப்'. 'வீஃப்', 'மன்' இரண்டும் சேர்ந்து 'வீஃப்மன்', அதாவது பெண் மனிதர். அதுதான் தேய்ந்து 'வுமன்' ஆனது. பிறகு நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. 'வெர்' என்ற சொல் வழக்கொழிந்தது. ஓநாயாக மாறும் மனிதனைச் சொல்லும் 'வேர்வுல்ஃப்' போன்ற ஓரிரு சொற்களில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மனிதருக்கான பொதுச்சொல்லை ஆண் தன் பெயராக எடுத்துக்கொண்டான். 'வீஃப்' சுருங்கி மனைவி ஆனாள். மருத்துவச்சியைக் குறிக்கும் 'மிட்வைஃப்' என்ற சொல்லில் இன்றும் அது வெறும் 'பெண்'. பெண்ணோடு கூட இருப்பவள் என்பதே அதன் பொருள்.

ஆக, தொடக்கத்தில் நாம் ஒட்டின எழுத்து அல்ல. பொதுவீட்டில் இருவருக்கும் பங்கு இருந்தது. பின்னால் பட்டா ஒருவர் பெயருக்கு மாறியது.

விகுதிகளிலும் இது நடந்திருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் 'எஸ்ட்ரே' என்று ஒரு விகுதி உண்டு. வேலை செய்யும் பெண்ணைக் குறிக்கும். நம் 'காரி' போல. நெய்பவள் 'வெப்ஸ்டர்', ரொட்டி சுடுபவள் 'பேக்ஸ்டர்', ஏல் என்னும் மதுவைக் காய்ச்சுபவள் 'புரூஸ்டர்', நூல் நூற்பவள் 'ஸ்பின்ஸ்டர்'. இங்கிலாந்தில் மது காய்ச்சுவது 1300 வாக்கில் பெரும்பாலும் பெண்கள் வீட்டிலிருந்தே செய்த தொழில் என்றும், அது 1600க்குள் ஆண்கள் கைக்குப் போனது என்றும் வரலாற்றாசிரியர் ஜூடித் பென்னட் விரிவாக எழுதியிருக்கிறார். முதல் பெரிதாகி, சங்கங்கள் வந்து, தொழில் லாபமானபோது பெண்கள் வெளியே போனார்கள். 'வெப்ஸ்டர்', 'பேக்ஸ்டர்', 'புரூஸ்டர்' மூன்றும் இன்று குடும்பப் பெயர்களாக மட்டும் மிஞ்சியிருக்கின்றன. அந்தப் பெயரைத் தாங்கும் ஆண்களில் எத்தனை பேருக்குத் தங்கள் பெயரில் ஒரு பாட்டியின் தொழில் இருப்பது தெரியுமோ!

அந்த விகுதி பெண்ணைக் குறிக்கிறது என்பதே மறந்துபோன பிறகு, தையல்காரியைச் சொல்ல அதன்மேல் இன்னொரு பெண்பால் விகுதியைப் போட்டு 'சீம்ஸ்ட்ரெஸ்' என்றார்கள். 'ஸ்பின்ஸ்டர்' மட்டும் பெண்ணை விட்டுப் போகவில்லை. தொழிலைச் சொன்ன சொல் 17ஆம் நூற்றாண்டில் மணமாகாத பெண்ணுக்கான சட்டப் பட்டமாகி, அப்புறம் ஏளனமாகவும் ஆனது. அதே நிலையில் இருக்கும் ஆணுக்குச் சொல்லும் 'பேச்சிலர்' என்பதில் அந்த ஏளனம் இல்லை. இங்கிலாந்தின் திருமணப் பதிவேடுகளிலிருந்து இரண்டு சொற்களையும் 2005இல்தான் எடுத்தார்கள். 'மாஸ்டர்' தலைவனாகவே இருக்க, அதன் ஜோடியான 'மிஸ்ட்ரஸ்' வைப்பாட்டி என்றும் பொருள் கொண்டது. வீட்டை நிர்வகிப்பவளைக் குறித்த 'ஹவுஸ்வைஃப்' பேச்சில் தேய்ந்து 'ஹஸ்ஸி' ஆகி, அடங்காதவள் என்ற வசையானது. பெண்ணைக் குறிக்கும் சொற்கள் இப்படித் தொடர்ந்து கீழே இறங்குவதை 1975இல் மியூரியல் ஷுல்ஸ் ஒரு கட்டுரையில் தொகுத்துக் காட்டினார். பொருண்மையியல் பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

இனித் தொடரியல். 'ஒவ்வொரு மாணவரும் தன் புத்தகத்தைக் கொண்டுவர வேண்டும்' என்பதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் சிக்கல் வரும். தமிழில் 'தன்' என்பதற்கு ஆண் பெண் கிடையாது. ஆங்கிலத்தில் 'ஹிஸ்' என்பதா, 'ஹெர்' என்பதா, 'தேர்' என்பதா? நான் படித்த விதி: பால் தெரியாத இடத்தில் 'ஹிஸ்' போடு, அதில் 'ஹெர்' அடக்கம். அதையே நானும் நடத்தினேன். 'தேர்' என்று எழுதிய பெண்களின் தாளில் சிவப்பு மையால் அடித்து, அரை மதிப்பெண் குறைத்திருக்கிறேன்.

ஆனால் ஒருமைக்கு 'தே', 'தேர்' சொல்வது 14ஆம் நூற்றாண்டிலிருந்தே ஆங்கிலத்தில் உண்டு. ஷேக்ஸ்பியரும் ஜேன் ஆஸ்டினும் தயங்காமல் எழுதியிருக்கிறார்கள். ஆணை முதலில் வை, பெண்ணைப் பின்னால் வை என்று 1553இலேயே தாமஸ் வில்சன் சொல்லியிருந்தார். ஆண்பால்தான் மேலானது என்று 1646இல் ஜோஷுவா பூல் எழுதினார். 'ஹீ'க்குள் 'ஷீ'யும் அடக்கம் என்பதை ஆங்கில இலக்கண விதியாக எழுதிவைத்தவர்களில் முன்னோடி யார் என்று தேடியபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் ஒரு பெண். ஒரு டீச்சர்.

ஆன் ஃபிஷர். நியூகாசில் நகரில் பள்ளி நடத்தியவர். 1745இல் இலக்கண நூல் எழுதினார். முப்பதுக்கும் மேற்பட்ட பதிப்புகள் கண்ட நூல். ஆங்கிலத்துக்கு லத்தீன் சட்டையை மாட்டாதீர்கள் என்று வாதிட்டவர். பிழையான வாக்கியங்களைக் கொடுத்து மாணவர்களையே திருத்தச் சொல்லும் பயிற்சியைப் புகுத்தியவர். அதே பயிற்சியைத்தான் நான் இன்றும் தருகிறேன். நூலின் முகப்பில் அவர் பெயர் 'ஏ. ஃபிஷர்'. ஆணா பெண்ணா என்று அதில் தெரியாது.

அவர்மேல் கோபப்பட முயன்றேன், முடியவில்லை. அவர் செய்ததை நானும்தான் செய்திருக்கிறேன். பெண்ணாக இருந்துகொண்டு பாடம் நடத்த வந்தவள் விதியில் ஒரு நூல் பிசகக் கூடாது என்ற பயம் எனக்குத் தெரியும்.

வகுப்பறையில் கிடந்த விதி நூறு ஆண்டுகளில் சட்டப் புத்தகத்துக்குள் போனது. 1850இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது: சட்டங்களில் ஆண்பால் சொல் வந்தால், வேறுவிதமாகச் சொல்லப்படாதவரை அது பெண்களையும் உள்ளடக்கும். 1867இல் வாக்குரிமைச் சீர்திருத்தச் சட்டம் வந்தபோது அதில் இருந்த சொல் 'மேன்'. அதை எடுத்துவிட்டு 'பெர்சன்' என்று போடுங்கள் என்று ஜான் ஸ்டூவர்ட் மில் அவையில் திருத்தம் கொண்டுவந்தார். 73 பேர் ஆதரித்தார்கள், திருத்தம் தோற்றது. சரி, 1850 சட்டப்படி 'மேன்' என்பதில் நாங்களும் அடக்கம்தானே என்று மான்செஸ்டரில் 5,000க்கும் மேற்பட்ட பெண்கள் வாக்காளர் பட்டியலில் சேர்க்கக் கோரினார்கள். 1868இல் தீர்ப்பு வந்தது: இந்த இடத்தில் அடக்கம் இல்லை.

அமெரிக்காவில் 1872 தேர்தலில் வாக்களித்ததற்காகக் கைது செய்யப்பட்ட சூசன் பி. ஆந்தனி, இந்த இலக்கணத்தையே எடுத்துக் கேட்டார். வரிச் சட்டத்திலும் தண்டனைச் சட்டத்திலும் 'ஹீ' என்றுதான் இருக்கிறது. வரி வாங்கும்போதும் தூக்கில் போடும்போதும் அதில் 'ஷீ' உண்டு என்கிறீர்கள். வாக்களிக்கும்போது மட்டும் இல்லையா? நீதிமன்றம் அவருக்கு 100 டாலர் அபராதம் விதித்தது. அவர் அதைக் கட்டவில்லை.

இந்த விதி கப்பலேறி நம்மிடமும் வந்தது. 1897ஆம் ஆண்டின் பொது வாசகங்கள் சட்டத்தின் 13ஆவது பிரிவு, ஆண்பால் சொற்களில் பெண்களும் அடக்கம் என்கிறது. சட்டம் படித்துத் தேறிய ரெஜினா குஹா, வழக்குரைஞராகப் பதிவுசெய்யக் கோரினார். 1879ஆம் ஆண்டு வழக்குரைஞர் சட்டத்தில் இருந்த 'பெர்சன்' என்ற சொல்லில் பெண் அடக்கமா என்று கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகள் 1916இல் ஆராய்ந்து, இல்லை என்றார்கள். 1921இல் பாட்னாவில் சுதான்ஷுபாலா ஹஸ்ராவுக்கும் அதே பதில். அதே ஆண்டில் அலகாபாத் உயர் நீதிமன்றம் கொர்னேலியா சொராப்ஜியைப் பதிவுசெய்துகொண்டது. பெண் என்ற காரணத்தால் மட்டும் யாரையும் தகுதியற்றவராக்கக் கூடாது என்று 1923இல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. கனடாவில் ஐந்து பெண்கள் தொடுத்த வழக்கில், 'பெர்சன்' என்ற சொல்லில் பெண்களும் உண்டு என்று லண்டன் பிரிவி கவுன்சில் ஒப்புக்கொண்டது 1929 அக்டோபர் 18ஆம் தேதிதான்.

இலக்கண விதி ஒன்றுதான். ஆனால் 'அடக்கம்' என்பது யாருக்கு எப்போது என்று முடிவெடுக்கும் இடத்தில் பெண்கள் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

அடுத்த ஞாயிறு இதையெல்லாம் வகுப்பில் சொன்னேன். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று; அன்றைக்கு வைத்திருந்த காலப் பாடம் நடக்கவில்லை. கேள்வி கேட்ட பெண் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். கடைசியில், "சரி மிஸ், பரீட்சையில என்ன எழுதுறது?" என்றாள்.

நியாயமான கேள்வி. அவளுக்கு அரை மதிப்பெண்ணும் வேலைதான். இரண்டு வழி சொன்னேன். ஒன்று, 'ஆல் ஸ்டூடண்ட்ஸ்' என்று பன்மையில் தொடங்கு. 'தேர்' தானாக வரும், எந்தத் திருத்துநரும் கை வைக்க முடியாது. இரண்டு, ஒருமையிலேயே 'தேர்' எழுது. இன்றைய அகராதிகள் அதை ஒத்துக்கொள்கின்றன. திருத்துபவர் என்னைப் போன்றவராக இருந்தால் மட்டும் மதிப்பெண் போகும்.

"உங்ககிட்ட இனிமே போகாதுல்ல?" என்று முன்வரிசை அம்மா ஒருவர் கேட்டார்.

போகாது என்றேன். பழைய தாள்கள் இரண்டு கட்டு பீரோவில் இருக்கின்றன. அவற்றில் நான் அடித்த 'தேர்'களை அன்று இரவு எண்ணிப் பார்த்தேன். முதல் கட்டிலேயே பதினேழு இருந்தன.