செப்புத்தகட்டில் இந்து சமயம்

ஐரோப்பியரின் பழைய பயண நூல்களிலுள்ள படங்களை நம் முன்னோரின் உடைக்கும் வழிபாட்டுக்கும் நேர்ச்சான்றாகக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே உண்டு. எழுத்துச் சான்றை ஐயுற்று ஆராயும் நாம் படத்தைக் கண்டதும் நம்பிவிடுகின்றோம். அதனை வரைந்தவன் எதைப் பார்த்து வரைந்தான் என்ற வினா எழுவது அரிது.

இத்தாலியரான வர்தேமாவின் பயண நூல் 1510இல் உரோமில் வெளிவந்தது. 1515இல் ஒக்ஸ்பேர்க் நகரில் அச்சான அதன் ஜேர்மன் மொழிபெயர்ப்புக்கு யோர்க் பிறொய் மரச்செதுக்குப் படங்களை ஆக்கினார். கள்ளிக்கோட்டை மன்னன் வணங்கிய தெய்வம் அங்கே கொம்பும் கோரைப்பல்லும் கொண்டு, பாப்பரசரின் மும்முடி போன்றதொன்றைத் தரித்த பேயாக வீற்றிருக்கின்றது. பிறொய் வர்தேமாவின் சொற்களையே வரைந்தார். அச்சொற்களோ ஐரோப்பியத் தேவாலயங்களில் தீட்டப்பட்ட நரகக் காட்சிகளில் ஊறியவை.

கண்ணாற் கண்டவர் வரைந்தால் மட்டும் உண்மை கிடைத்துவிடுமோ? ஒல்லாந்தரான லின்ஸ்கோதன் 1583 முதல் ஐந்தாண்டுக்கு மேலாகக் கோவாவில் பேராயரின் செயலாளராக வாழ்ந்தவர். 1596இல் அம்ஸ்ரர்டாமில் வெளிவந்த அவரது நூலின் செப்புத்தகட்டுப் படங்களை வான் டூட்டெக்கும் குடும்பத்தார் செதுக்கினர். பல்லக்கு, குடை, அணிகலன் ஆகியவற்றில் நுணுக்கம் உண்டு. ஆனால் அவற்றைத் தாங்கும் உடல்கள் கிரேக்கச் சிலைகளின் உடல்கள். கோயிற்றெய்வமோ மீண்டும் கொம்போடும், வயிற்றில் இன்னொரு முகத்தோடும் தோன்றுகின்றது. விரைவிலேயே டி பிறை குடும்பத்தார் தம் தொகுதிகளில் இப்படங்களைத் தழுவி வெளியிட, அவை ஐரோப்பா எங்கும் பரந்தன. (உடன்கட்டை ஏறுங் காட்சியை இத்தகைய நூல்கள் எளிதில் விடுவதில்லை, அதற்குச் சந்தை இருந்தது போலும்.)

நமக்கு மிக அணுக்கமானது 1672இல் அம்ஸ்ரர்டாமில் வெளிவந்த பல்தேயஸ் பாதிரியாரின் நூல். 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின் அங்குப் பணியாற்றியவர் அவர். தமிழ் எழுத்துகளையும் செப்புத்தகட்டிற் பொறித்துத் தம் நூலிற் சேர்த்தவர். அத்தகையவரின் நூலிலே திருமாலின் பத்து அவதாரங்களும் படங்களாக அமைந்திருக்க, அவை யாழ்ப்பாணத்தில் அவர் கண்டறிந்தவை என எண்ணத் தோன்றுவது இயல்பே.

உண்மை வேறு. 1658இல் பிலிப் ஏஞ்சல் என்னும் ஒல்லாந்தர், கும்பனியின் உயர் அதிகாரியான ஹார்ட்சிங்குக்கு அவதாரக் கதைகள் பற்றிய ஓவியக் கையெழுத்துப்படியொன்றை அளித்தார். பல்தேயஸின் அவதாரப் படங்களுக்கு மூலம் அதுவே. அவற்றின் சாயலும் வட இந்தியச் சிற்றோவிய மரபினது. சமயம் பற்றிய உரையிலும் பெரும்பகுதி, கள்ளிக்கோட்டையிலிருந்த யேசுசபைத் துறவி பெனீசியோவின் நூலிலிருந்து பெயர் சுட்டாமல் எடுக்கப்பட்டது. சார்ப்பந்தியே என்னும் அறிஞர் பெனீசியோவின் நூலை 1933இற் பதிப்பித்தபோது இக்கடன் தெளிவாயிற்று.

எனினும் பல்தேயஸை முற்றாக ஒதுக்குவது தகாது. அதே நூலில் தெல்லிப்பழை, மல்லாகம், வட்டுக்கோட்டை முதலிய இடங்களின் தேவாலயங்களும் படங்களாக உள்ளன. அவை அவர் மேற்பார்த்த கட்டடங்கள். அவ்வக் கிராமத்தைச் சார்ந்தவை. ஒரே அட்டைக்குள், ஒரே வகைத் தகட்டில், யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த படமும் யாழ்ப்பாணத்தோடு தொடர்பற்ற படமும் அடுத்தடுத்து நிற்கின்றன. வட்டுக்கோட்டைத் தேவாலயத்தின் அமைப்புக்கு அந்நூலைச் சான்று காட்டலாம். பதினேழாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தவரின் ஆடைக்கு அதன் அவதாரப் படங்களைக் காட்டவியலாது.