கொக்குக்கு வைத்த தட்டு

அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்து டிரேப்பர் என்னும் ஊரில், ட்யூக் மின்சாரக் கம்பெனிக்கு ஒரு மின் நிலையம் இருந்தது. அங்கு வேலை செய்தோர் 95 பேர். அவருள் கறுப்பினத்தார் 14 பேர். நிலையத்தின் ஐந்து பகுதிகளில் கூலிப் பகுதி ஒன்றே அவர்களுக்கு வாய்த்தது. அப்பகுதியின் மிக உயர்ந்த சம்பளம், மற்ற நான்கு பகுதிகளின் மிகக் குறைந்த சம்பளத்துக்கும் கீழே நின்றது.

வேலை வாய்ப்பில் நிறவேற்றுமை கூடாதென விதித்த 1964ஆம் ஆண்டுச் சட்டம், 1965 ஜூலை 2ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதே நாளில் கம்பெனியும் ஒரு விதி செய்தது: கூலிப் பகுதி தவிர வேறெதிலும் புதிதாகச் சேர விரும்புவோர் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் வைத்திருப்பதோடு, இரண்டு திறனறி தேர்வுகளிலும் தேற வேண்டும். விதியில் நிறம் என்ற சொல்லே இல்லை. ஆனால் 1960ஆம் ஆண்டுக் குடிக் கணக்குப்படி அம்மாநிலத்து வெள்ளை ஆடவரில் நூற்றுக்கு 34 பேரும், கறுப்பின ஆடவரில் 12 பேருமே அந்தப் படிப்பை முடித்தவர்கள். தரங்குறைந்த தனிப் பள்ளிகளில் நெடுங்காலம் ஒதுக்கி வைக்கப்பட்டவர்களிடம் சான்றிதழ் எங்கே என்று கேட்பது எவ்வகை நியாயம்? அதைவிட வேடிக்கை, விதி பிறக்குமுன் வேலையில் அமர்ந்த வெள்ளையர் பலர் சான்றிதழ் இன்றியே தம் பணியைச் செவ்வனே செய்துவந்தனர்.

தொழிலாளர் 13 பேர் வழக்குத் தொடுத்தனர். முதற் பெயர் கிரிக்ஸ் என்பவருடையது. வழக்கும் அப்பெயராலேயே வழங்குகிறது. கம்பெனிக்குத் தீய எண்ணம் இருந்ததாக மெய்ப்பிக்கப்படவில்லை என்று கீழ் மன்றங்கள் கருதின. படிக்க விரும்பும் தொழிலாளருக்குக் கட்டணத்தில் மூன்றில் இரு பங்கைக் கம்பெனியே தந்ததும் உண்மைதான்.

1971 மார்ச் 8இல் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி வாரன் பர்கர், மாற்றுக் கருத்து எதுவுமின்றி வந்த தீர்ப்பை எழுதினார். பள்ளிப் பிள்ளைகள் அறிந்த நரி, கொக்குக் கதையை அவர் அதில் எடுத்தாண்டார். தட்டில் பாலை ஊற்றி, உண்ணுங்கள் என்று இருவரையும் ஒருசேர அழைத்தால் அது சம வாய்ப்பாகாது. பாத்திரம் இருவர் வாய்க்கும் ஏற்றதாக இருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. எண்ணம் நல்லதா தீயதா என்பதன்று கேள்வி. விளைவு என்ன என்பதே கேள்வி. தேர்வு குறிப்பிட்ட வேலைக்குத் தேவையானது எனக் காட்டும் பொறுப்பு முதலாளியுடையது. கம்பெனிக்கு நெஞ்சு ஏது, அதைத் திறந்து பார்க்க? தொழிலாளி காட்டக்கூடியது விளைவு ஒன்றுதான்.

இக்கருத்து கடல் கடந்து, பிரிட்டனில் பெண்களுக்கெதிரான வேற்றுமையைத் தடுக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இடம் பெற்றது. பிறந்த நாட்டிலோ அது தளர்ந்தது. அலாஸ்காவின் மீன் பதனிடும் ஆலைகள் தொடர்பான வழக்கில், 1989ஆம் ஆண்டு, மெய்ப்பிக்கும் சுமையைத் தொழிலாளர் மேலேயே அதே நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் ஏற்றிவிட்டது. இரண்டே ஆண்டுகளில், 1991இல், காங்கிரஸ் புதுச் சட்டம் இயற்றிச் சுமையை முதலாளியிடம் திருப்பியது. 2025 ஏப்ரலில் அந்நாட்டு அதிபர், விளைவைக் கொண்டு குற்றங் காணும் இம்முறையை முனைந்து செயற்படுத்த வேண்டாமென அரசுத் துறைகளுக்கு ஆணையிட்டார். 1991ஆம் ஆண்டுச் சட்டத்தை அவ்வாணை நீக்கவில்லை; அதனை நீக்கக் காங்கிரசால்தான் இயலும்.