குச்சிக்கிழங்கும் குளவியும்

ஓமலூர் வட்டாரத்திலும் சேலம், நாமக்கல் சமவெளி எங்கும் மரவள்ளி பயிராவதை வாசகர்கள் அறிவர். குச்சிக்கிழங்கு என்றால்தான் ஊரில் பலருக்கும் விளங்கும். விதை வேண்டாம், குச்சியை வெட்டி நட்டால் போதும். இப்பயிரின் பலமும் பலவீனமும் இந்த எளிமையிலேயே அடங்கியிருக்கின்றன.

தென் அமெரிக்காவில் தோன்றிய மரவள்ளி, போர்த்துகீசியரால் கேரளக் கரைக்கு வந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதனை மக்களிடையே பரப்பினார். சேலத்தில் அது ஆலைப்பயிரானதற்குக் காரணம் இரண்டாம் உலகப்போர். மலேயா, சிங்கப்பூர் ஜவ்வரிசி வரத்து நின்றுபோகவே, கேரளத்துடன் மீன் வாணிகம் செய்துவந்த சேலம் மாணிக்கம் செட்டியாரும், பினாங்கில் ஜவ்வரிசித் தொழிலை அறிந்திருந்த போபட்லால் ஷாவும் 1943இல் இங்கேயே அதனைத் தயாரிக்கத் தொடங்கினர். ஆலைகள் பெருகின. 1981இல் சேலத்தில் 'சேகோசர்வ்' கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது.

ஆலைக்கு மாவுச்சத்து மிகுந்த கிழங்கு வேண்டும். திருவனந்தபுரத்தில் 1963இல் தோன்றிய மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம், 1971இல் எச்-165, எச்-226 என்னும் கலப்பின வகைகளை வெளியிட்டது. இவற்றுள் எச்-226 சேலம் பகுதியில் நன்கு பரவியது. உழவருக்கு விளைச்சல், ஆலைக்கு மாவு. நவீன வேளாண்மையின் நன்மை இதில் தெளிவாகவே தெரிகிறது. ஆனால் தேமல் நோயைத் தாங்கும் ஆற்றல் அதற்கு இல்லை. குச்சியில் முளைக்கும் ஒவ்வொரு செடியும் தாய்ச்செடியின் நகலே. ஆயிரம் ஏக்கரில் ஒரே வகை நின்றால், மரபியல் நோக்கில் ஒரே செடி ஆயிரம் ஏக்கரில் நிற்கிறது எனலாம். நோயுற்ற குச்சி வண்டியேறினால் நோயும் கூடவே வண்டியேறும்.

2020இல் வேறொரு விருந்தாளி வந்தது. கேரளத்தில் திருச்சூர்ப் பகுதியில் முதலில் காணப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி, விரைவிலேயே சேலம், நாமக்கல் தோட்டங்களைப் பிடித்துக்கொண்டது. இப்பூச்சியில் ஆண் இல்லை. பெண்ணே தனித்து நூற்றுக்கணக்கான முட்டைகளை இடும். சாறு உறிஞ்சும்போது அதன் உமிழ்நீர் நஞ்சாகி, நுனிக்குருத்து சுருண்டு கொத்தாகிவிடும், செடி குட்டையாகும், கிழங்கு பருக்காது. மெழுகுப் பூச்சும் சுருண்ட இலையும் கவசமாக இருப்பதால், தெளிக்கும் மருந்து எளிதில் எட்டுவதில்லை.

மரபணுவை மாற்றி இதனைத் தடுக்க முடியாதா என்று மாணவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2002இல் நம் நாட்டில் அனுமதி பெற்ற பி.டி. பருத்தியில் மண் பாக்டீரியம் ஒன்றின் மரபணு உள்ளது. அது உண்டாக்கும் புரதம் காய்ப்புழுவின் குடலைச் சிதைக்கிறது. காய்ப்புழுவுக்கான மருந்துச் செலவு தொடக்கத்தில் குறைந்தது உண்மை. பின்னர் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதற்கு ஈடுகொடுக்கப் பழகிக்கொண்டது. குஜராத்தில் இது 2010இல் அறிவிக்கப்பட்டது. அன்றியும் அப்புரதம் மாவுப்பூச்சியை ஒன்றும் செய்யாது. கென்யா 2021இல் அனுமதித்த மரபணு மாற்று மரவள்ளியோ, அங்குள்ள பழுப்புக் கீற்று நோய்க்கானது. நம் தேமலுக்கு உதவாது. ஆகவே மரபணு மாற்றத்தை ஏற்பதா மறுப்பதா என்று வாதிடுமுன், எந்தப் பகைக்கு எந்த மரபணு என்று கேட்பதே முறை என்பேன்.

இந்தப் பகைக்கு விடை பழைய அனுபவத்தில் கிடைத்தது. 1973இல் ஆப்பிரிக்காவின் காங்கோப் பகுதியில் இதே பூச்சி தோன்றி, ஏழைகளின் உணவையே அழித்தது. அதன் தாயகத்தைத் தேடியவர்கள் 1981இல் பராகுவேயில் பூச்சியையும் அதன் இயற்கைப் பகைவனையும் கண்டனர். எள்ளினும் சிறிய அந்தக் குளவியின் பெயர் அனாகைரஸ் லோபஸி. மாவுப்பூச்சியின் உடலுக்குள் அது முட்டையிடும். வெளிவரும் புழு பூச்சியை உள்ளிருந்தே தின்றுவிடும். ஆப்பிரிக்க நாடுகளில் இக்குளவியைப் பரப்பும் பணிக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரன் 1995இல் உலக உணவுப் பரிசு பெற்றார்.

பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் நிறுவனம் 2021இல் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து இக்குளவியைத் தருவித்தது. முறையான சோதனைகளுக்குப் பின், 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் அது வெளியிடப்பட்டது.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. குளவி விட்ட தோட்டத்தில் பூச்சிமருந்து தெளித்தால் குளவியே முதலில் மடியும். பக்கத்துத் தோட்டத்தார் தெளித்தாலும் ஆபத்துதான். குளவி பெருகும் வரை, குருத்து சுருள்வதைப் பார்த்துக்கொண்டு கைத்தெளிப்பானைத் தொடாமல் உழவர் காத்திருக்க வேண்டியிருக்கிறது.