ஓசையும் அமைதியும்: பாடசாலை இடவசதியின் வரலாறு பற்றி ஒரு குறிப்பு

ஈழத்துக் கல்வி வரலாற்றை ஆராய்ந்தோர் சட்டங்கள் பற்றியும் போதனாமொழி பற்றியும் நிறையவே எழுதியுள்ளனர். மாணவன் அமைதியாக அமர்ந்து படிக்க இடமிருந்ததா என்ற வினாவோ அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளது. வர்க்க வேறுபாடு மிகத் துலக்கமாகத் தெரியும் இடங்களுள் இதுவும் ஒன்று.

திண்ணைப் பள்ளியில் இவ்வினா எழ நியாயமில்லை. அங்கு கல்வி என்பதே ஓசை. ஏடு அரிதாயிருந்த சூழலில் நிகண்டும் எண்சுவடியும் உரத்து ஓதியே மனத்தில் இருத்தப்பட்டன. சட்டாம்பிள்ளை சொல்ல ஏனையோர் திருப்பிச் சொல்வர். வாய்மூடி இருந்த பிள்ளை படிக்காத பிள்ளையாகவே கொள்ளப்பட்டிருப்பான். அவ்விரைச்சலைக் குறையெனப் பழித்த ஐரோப்பியர் அதன் பயனை உணர்ந்தாரல்லர். (மணலில் எழுதிப் பழகும் நம்மவர் முறையைச் சென்னையில் கண்டு கைக்கொண்ட அன்ட்ரூ பெல் ஒரு விதிவிலக்கு.)

அச்சுநூலும் எழுத்துப் பரீட்சையும் பரவிய பின்னரே தனித்திருந்து வாசித்தல் இன்றியமையாததாயிற்று. 1823இல் வட்டுக்கோட்டையிலும் 1824இல் உடுவிலிலும் அமெரிக்க மிஷனரிமார் நிறுவிய கல்விக்கூடங்கள் மாணவர் தங்கிப் பயிலும் விடுதிகளாகவும் அமைந்தன. வீட்டு வேலையிலிருந்தும் வயல் வேலையிலிருந்தும் விடுபட்ட நேரமும், விளக்கும், நூலகமும் சிலருக்கு வாய்த்தன. வட்டுக்கோட்டையில் அச்சிலருட் பெரும்பாலோர் வேளாளராயிருந்தமை தற்செயலன்று.

மலையகத்தின் நிலை முற்றிலும் வேறானது. தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கல்வி வசதி அளிக்கும் கடப்பாட்டை 1920ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம் தோட்ட நிர்வாகத்தின்மீது சுமத்தியது. கிடைத்ததோ பெரும்பாலும் தடுப்புச் சுவரற்ற ஒற்றை மண்டபமும் ஓராசிரியருமே. ஒரு மூலையில் வாய்ப்பாடு ஒலிக்க, மறு மூலையில் அரிவரி ஒலிக்கும். திண்ணையின் ஓசை அனைவரும் ஒரே முறையிற் கற்றதால் எழுந்தது; இங்கோ ஒரு வகுப்பின் பாடம் மறுவகுப்பின் பாடத்தை விழுங்கிற்று. வீடு திரும்பினால் பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பரா. அதனுள்ளே முழுக் குடும்பமும், அடுப்பும், புகையும்.

1945இல் வந்த இலவசக் கல்வி கட்டணத்தை நீக்கியது. அதனைச் சிறிதும் குறைத்து மதிப்பிடலாகாது. எனினும் இடம் பகிரப்படவில்லை. கன்னங்கராவின் மத்திய கல்லூரிகளில் விடுதிவசதி புலமைப்பரிசிற் பரீட்சையில் தேறிய கிராமப் பிள்ளைக்கே உரியதாயிற்று. படிப்பதற்கு வேண்டிய அமைதியைப் பெற, அவ்வமைதி இல்லாமலே முதலிற் படித்துத் தேறவேண்டியிருந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்றதோ 1970களின் பிற்பகுதியிலிருந்துதான். அப்போதும் அநேக இடங்களிற் கைமாறியது அதே ஒற்றை மண்டபமே.