ஊசி காட்டிய திசையும் ஓடை காட்டிய வழியும்

மலைநிலத்தைக் குறிஞ்சி என வகுத்த நம் முன்னோர், அந்நில மக்களுக்கு வேட்டையைத் தொழிலாகக் குறித்தனர். வேட்டைக்கு வில்லும் அம்பும் மட்டும் போதா. விலங்கைத் தொடர்ந்து சென்றவன் வழி தவறாது குடிலுக்குத் திரும்பவும் வேண்டும். இவ்வழியறியும் கலையின் வரலாற்றைப் பகாங் மாநிலத்துக் கேமரன் மலை நன்கு எடுத்துரைக்கிறது.

1885ஆம் ஆண்டில் நில அளவையாளர் வில்லியம் கேமரன் பகாங், பேராக் எல்லைப் பகுதியை அளக்கச் சென்றார். திசைகாட்டியைக் கையாளுதல் அவருடைய அன்றாடத் தொழில். மலைகள் சூழ்ந்த உயர்ந்த சமவெளி ஒன்றைக் கண்டதாக அவர் அறிவித்தார்; எனினும் அதன் இருப்பிடத்தை வரைபடத்தில் திட்டமாகக் குறிக்கவில்லை. 1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் அங்குச் சென்று வந்த பின்னரே மலைவாழிடம் அமைக்கும் எண்ணம் உருப்பெற்றது.

வெளியுலகம் நாற்பது ஆண்டுகள் மறந்திருந்த அந்நிலத்தைச் செமாய்ப் பூர்வகுடியினர் ஒருநாளும் தொலைத்ததில்லை. ஈப்போ மரத்தின் நஞ்சு தோய்ந்த முள்ளை ஊதுகுழலில் வைத்து எய்வது அவர்தம் வேட்டை முறை. நஞ்சேறிய விலங்கு உடனே வீழ்வதில்லை. அதனைப் பின்தொடர்தல் வேண்டும். அப்போது அவர்களுக்குத் துணை ஆறும் ஓடையுமே. மலைமுகட்டின் கிழக்கே இறங்கும் நீர் பகாங்கை நாடும்; மேற்கே இறங்கும் நீர் பேராக்கை நாடும்.

1929இல் ஜான் ஆர்ச்சிபால்டு ரசல் போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கினார். தமிழ்த் தொழிலாளர் காட்டைத் திருத்தி, நிரை நிரையாகத் தேயிலை நட்டனர். தோட்டத்தினுள் நடப்பவனுக்கு அந்நிரையே வழிகாட்டி. ஆனால் நிரை பெருகப் பெருக, வேட்டைக்காடு சுருங்கிற்று. நம்மவர் உழைப்பின் பெருமையைப் பேசும்போது இவ்வுண்மையையும் மறைத்தலாகாது.

நிரை முடிந்த இடத்தில் தொடங்கும் காடு எத்தகையது என்பதை 1967 மார்ச் 26 உணர்த்தியது. அன்று தானா ராத்தா அருகே உலாவச் சென்ற தாய்லாந்துப் பட்டு வணிகர் ஜிம் தாம்சன் திரும்பவில்லை. படையினரும் காவலரும் பூர்வகுடியினரும் நூற்றுக்கணக்கில் தேடியும் பயனில்லை.

காந்த ஊசி வடக்கைக் காட்டும். நிற்கும் இடத்தைக் காட்டாது. துப்பாக்கியின் இரும்பு அருகிருந்தால் ஊசியும் பிறழும். நிற்கும் இடத்தைக் காட்ட வந்தது ஜிபிஎஸ். அதன் முதல் செயற்கைக்கோள் 1978இல் ஏவப்பட்டது; 1995இல் அவ்வமைப்பு முழுமை பெற்றது. அடர்ந்த இலைக்கூரையின் கீழ் அதன் அலைகளும் நலியும். மின்கலம் தீர்ந்தால் அது வாய் மூடும். ஓடைக்கு அக்குறை இல்லை.

எனினும் பழைய அறிவும் புதிய கருவியும் பகையல்ல. 2002இல் ஷா ஆலாம் உயர்நீதிமன்றம், சிலாங்கூர்த் தெமுவான் பூர்வகுடியினரின் மரபுவழி நில உரிமையை ஏற்றது. தம் வேட்டைத் தடங்களையும் பழமரங்களையும் மூதாதையர் புதைவிடங்களையும் ஜிபிஎஸ் கொண்டு வரைபடமாக்கும் பணியில் தீபகற்ப மலேசியாவின் பூர்வகுடிச் சமூகங்கள் சில ஈடுபட்டுள்ளன.

இடத்தைக் குறிக்காதவரின் பெயர் மலைக்கு வாய்த்தது. வழியை அறிந்தவரின் தடம் வரைபடத்தில் ஏறவில்லை. அத்தடத்தை அவர்களே தம் கையால் வரைந்து வருகின்றனர்.